கோணல் சுரைக்காய்

சுகுணா ஆலங்குடியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தாள். ஆதார் அட்டையில் அப்பா பெயருக்கு ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினோரு வருடமாக ஊராருடைய காகிதங்களைச் சரிபார்த்ததில், எதையும் ஒருமுறை திருப்பிப் பார்க்காமல் நம்புவதில்லை என்று ஆகிவிட்டிருந்தது. கணவன் சேரன் குவைத்தில் இருந்தான். மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில். வீட்டில் அவளும் மாமனார் ரெங்கசாமியும் மட்டும்தான்.

ரெங்கசாமி பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்திரண்டு வயது, சர்க்கரை. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டச் சொல்லி மருத்துவர் கண்டித்த மாதத்தில்தான் சுகுணா ஞானமணியின் தோட்டத்தில் பங்கு சேர்ந்தாள்.

ஞானமணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, திருவரங்குளம் போகிற சாலையில் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து, மருந்தடிக்காமல் காய்கறி போட்டுக்கொண்டிருந்தாள். ஆலங்குடியில் பதினான்கு குடும்பங்கள் அதில் பங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் வந்து வீட்டுக்கு ஒரு துணிப்பை இறக்குவாள். இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. அந்த வாரம் தோட்டத்தில் என்ன காய்த்ததோ அதைப் பதினான்காகப் பிரித்துப் போடுவாள், அவ்வளவுதான்.

தை மாதத்தில் மொச்சையும் அவரையும் பறங்கியுமாகப் பை கனத்தது. பங்குனி பிறந்ததும் மெலிந்துவிட்டது. கொத்தவரை, தண்டுக்கீரை, வெள்ளரி, சுரை. சுகுணா பையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டி, வந்ததைப் பார்த்தே வாரத்துச் சமையலை முடிவு செய்யப் பழகினாள். வாடுகிற கீரை முதல் நாள். தண்டை எடுத்து வைத்திருந்து மறுநாள் மாங்காய்த் துண்டோடு பருப்பில் போடுவாள். கொத்தவரையை உப்புப் போட்டு அவித்துப் பிழிந்து, அரைத்த பருப்பை உதிர்த்துப் புரட்டி வைத்தால் ரெங்கசாமி இன்னும் கொஞ்சம் சோறு கேட்காமல் அதையே வாங்கிச் சாப்பிட்டார். சுரைக்காயில் பாசிப்பருப்புக் கூட்டு. சீவிய தோலை உளுந்தோடு வதக்கித் துவையல். மருந்து படாத காய், தோலையும் தின்னலாம் என்பது அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கத்தரிக்காயில் போயிற்று. பங்குனி இரண்டாம் வாரம் வந்த கத்தரிக்காய்கள் எல்லாம் ஒரே அளவில் பளபளவென்று இருந்தன. ஒரு பூச்சிக்குத்து இல்லை. முந்தின மாதம் வந்ததில் பாதி சொத்தை. வெயில் ஏற ஏறச் செடி எப்படித் தேறும் என்று ஞானமணியிடமே கேட்டாள். இந்தத் தடவை நல்லா வந்திருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதைச் சுகுணா கவனித்தாள்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, காய்கறி மண்டி வாசலில் ஞானமணியின் மொபெட் நின்றது. ஞானமணி ஒரு சாக்கு மூட்டையைக் கால் வைக்கிற இடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தாள். விற்க வந்தவள் என்றால் மூட்டையை இறக்க வேண்டும். இவள் ஏற்றினாள். சுகுணா எதிர்ப்பக்கம் ஒரு கடை நிழலில் ஒதுங்கி நின்று அவள் போகும்வரை பார்த்தாள்.

மறுநாள் பையில் அதே பளபளப்பான கத்தரிக்காய். வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தாள். கையில் ஆதாரம் இல்லை. அன்றிலிருந்து வருகிற காயை இரண்டு கூறாகப் பிரித்தாள். வழுவழுவென்று இருந்தவை சந்தேகக் கூறு; மஞ்சள்தூளும் கல்லுப்பும் கலந்த தண்ணீரில் அரைமணி நேரம் ஊறிய பிறகுதான் சட்டிக்குப் போகும். கோணலும் வடுவுமாக இருந்தவை தோட்டத்துக் காய்கள். அதற்கடுத்த ஞாயிறு வந்த சுரைக்காய் இரண்டாவது கூறில் சேர்ந்தது. கழுத்து ஒரு பக்கம் வளைந்து, வயிற்றில் தழும்போடு இருந்தது. மண்டியில் இதை யாரும் கையால்கூடத் தொடமாட்டார்கள் என்று நினைத்து, ஒருமுறை கழுவி மட்டும் வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மாமனாருக்கும் அவளுக்கும் பேச்சில்லை. அவருடைய தலையணைக்கு அடியில் அதிரசப் பொட்டலம் ஒன்று அகப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க அதைக் குப்பைக்கூடையில் கொட்டினாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். சுகுணா ஆத்திரம் அடங்காமல், அறந்தாங்கியில் இருக்கும் நாத்தனார் கண்ணாத்தாளுக்குப் போன் போட்டு, உங்கப்பாவை ஒரு வழி பண்ணினால்தான் சரிப்படும் என்று பொரிந்து தள்ளினாள்.

சுரைக்காய் வந்த மறுநாள், திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் அவருக்குச் சாறு அடித்தாள். கோணல் சுரைக்காயில் பாதியைத் தோலோடு நறுக்கி, இஞ்சி, மிளகு, மோர் சேர்த்து அரைத்து வடிகட்டினாள். டம்ளரை அவர் பக்கத்தில் ஓசைப்பட வைத்துவிட்டுத் தலைவாரப் போனாள். அவர் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தார். முக்கால் மணி நேரத்தில் வாந்தி தொடங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். மூன்றாவது வாந்தியில் இரத்தம் கலந்து வந்தது.

புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. சலைன் ஏற்றிவிட்டு, வீட்டில் பூச்சிமருந்து ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று இளம் மருத்துவர் கேட்டார். சுகுணாவுக்கு உடனே கத்தரிக்காய்தான் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் இருவரும் கத்தரிக்காய்க் குழம்பைத்தான் சாப்பிட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரி மருந்தடித்த காயைக் கொடுத்து ஏமாற்றுகிறாள் என்றாள். மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். வராந்தாவுக்கு வந்து, மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், இந்த வாரக் காயை யாரும் தொட வேண்டாம் என்று குழுவில் போட்டாள். ஒவ்வொருவராகப் பதறிப் பதில் போட்டார்கள். ஞானமணி பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

மதியம் கண்ணாத்தாள் வந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, காலையிலிருந்து என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுகுணா சொன்னாள்.

"கொழம்ப ரெண்டு பேரும் சாப்பிட்டீங்க. ஒனக்கு ஒண்ணும் ஆகல," என்றாள் கண்ணாத்தாள். "சாறு மட்டும் அவரு குடிச்சிருக்காரு. நீ குடிக்கல."

"அது அவருக்குன்னு அடிக்கிறது மதினி."

"ஒரு வழி பண்ணணும்னு சொன்னியே. பண்ணிட்டியா?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் சேரன் கூப்பிட்டான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, சாற்றில் என்னென்ன போட்டாய் என்றான். சுரைக்காய், இஞ்சி, மிளகு, மோர் என்று சொன்னாள். வேறு ஒன்றும் போடவில்லையே என்று அவன் மறுபடி கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். கண்ணாத்தாள் அதற்குள் அவனிடம் பேசிவிட்டாள் என்பது அவளுக்குப் புரிந்தது.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் குளிர்பெட்டியைத் திறந்து மிச்சப் பாதிச் சுரைக்காயை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள், மருந்து வாசனை இல்லை. நடுச்சதையில் மெல்லிசாக ஒரு சீவல் அறுத்து நாக்கு நுனியில் வைத்தாள். வேப்பெண்ணெய் தோற்றுவிடும், அப்படி ஒரு கசப்பு. துப்பி, வாய் கொப்பளித்து, சர்க்கரையை அள்ளிப் போட்டும் போகவில்லை. காயின் உள்ளே வரை ஏறியிருக்கிறது என்றால் என்ன மருந்து அது? அதை ஒரு கவரில் போட்டுக் கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போனாள். பாத்திகளில் யாரும் இல்லை. கொல்லைப் பக்கம் எருக்குழியை ஒட்டிய வேலியில் ஞானமணி ஒரு சுரைக்கொடியை வேரோடு பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புதிதாக வெட்டிய குழி. அதற்குள் நாலைந்து கோணல் காய்கள் கிடந்தன.

"எனக்கு ஒரு பதில் போட முடியல. இங்கிட்டு வந்து குழி தோண்டி மூடுறீங்க, இல்லக்கா?"

ஞானமணி திரும்பினாள். உதடு வீங்கி, கண் சிவந்திருந்தது. "பதில் போடுறதுக்கு மொதல்ல எதுன்னு தெரியணும்ல. நேத்துப் பூரா எல்லாக் கொடியிலயும் ஒவ்வொரு காயா அறுத்து நாக்குல வச்சுப் பாத்தேன். இது ஒண்ணுதான் கசக்குது. ஒங்க பையில போட்ட சொரக்கா இதோடதுதான்."

அது அவள் விதைத்த கொடி இல்லை. குப்பையோடு வந்த ஏதோ விதையிலிருந்து தானாக முளைத்தது. எங்கேயோ பேய்ச்சுரையோடு, காட்டில் கசப்பாகக் காய்க்கிற சுரையோடு, மகரந்தம் கலந்திருக்க வேண்டும். வெயிலில் எல்லாம் வாடும்போது இது ஒன்று பச்சையாக ஏறுகிறதே என்று விட்டுவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று பைக்குத்தான் நல்ல காய் இருந்தது. பதினான்காவதுக்கு இதில் ஒன்றைப் பறித்துவிட்டாள். கசக்கிற சுரைக்காய் விஷம் என்பது அவளுக்குத் தெரியும். புதுக்கொடி என்றால் கிள்ளிப் பார்க்காமல் பறிக்கமாட்டாள், அன்றைக்குப் பார்க்கவில்லை. இவ்வளவையும் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"கத்தரிக்கா?" என்றாள் சுகுணா.

ஞானமணி கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றாள். "அது மண்டில வாங்குனது. மூணு வாரமா. நம்ம செடி காஞ்சுபோச்சு. பை காலியா வந்தா எல்லாரும் நின்னுருவாங்கன்னு பயந்துட்டேன்."

தான் கண்டுபிடித்தது சரிதான் என்பதில் சுகுணாவுக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. சந்தேகப்பட்ட கத்தரிக்காயைத் தின்று இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நம்பிய காயைத்தான் பச்சையாக அரைத்துக் கொடுத்திருந்தாள்.

"இத ஆஸ்பத்திரில வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன். கைய கழுவிட்டு வாரேன்."

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போகும்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெட்ரோல் போட நிறுத்தியபோது, ஞானமணி யாரிடமோ போன் பேச ஒதுங்கியதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் ஏதாவது காரணம் சொல்லி இறக்கிவிடுவாள் என்று கடைசிவரை எதிர்பார்த்தாள். ஆனால் ஞானமணி நேராகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினாள்.

மருத்துவரிடமும் கண்ணாத்தாளிடமும் அவள் அதே வார்த்தைகளில் சொன்னாள். மருத்துவர் கட்டிலில் கிடந்த ரெங்கசாமியிடம் குனிந்து, சாறு கசந்ததா என்று கேட்டார். பயங்கரமாகக் கசந்தது என்று அவர் தலையாட்டினார். இதை நேற்றே கேட்டிருக்க வேண்டும், இப்படி நடப்பது உண்டு என்று மருத்துவர் சொல்லிவிட்டு, தாளில் எழுதியிருந்ததை அடித்துத் திருத்தினார். கண்ணாத்தாள் மட்டும் அசையவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே வண்டில வந்து சொல்றீங்க. நான் எப்படி நம்புறது?"

சுகுணா கொண்டுவந்திருந்த கவரை ஞானமணி வாங்கி அவிழ்த்துச் சுரைக்காயை நீட்டினாள். கண்ணாத்தாள் நகத்தால் சதையைக் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். நெடுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் சுகுணாவிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து கேன்டீனிலிருந்து காபி வாங்கி வந்து சுகுணாவின் பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

சாயங்காலம் கண்ணாத்தாள் அறந்தாங்கிக்குப் பேருந்து ஏறிய பிறகு, சுகுணா மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினாள். நான்கு கரண்டி இறங்கியதும் கேட்டாள்.

"அம்புட்டு கசந்துச்சுன்னா ஏன் மாமா குடிச்சீங்க?"

"அதிரசத்துக்குக் கோவிச்சுக்கிட்டு பாவக்காயப் போட்டு அரைச்சுட்டன்னு நெனச்சேன். கேட்டா மறுபடி சண்டை வரும். சக்கரைக்கு நல்லதுதானேன்னு குடிச்சுட்டேன்."

"வேற எதுவும் நெனச்சீங்களா?"

அவர் சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத மடக்குல நெனச்சேன் ஆத்தா. ஒங்கிட்ட பொய் சொல்ல வரல. அப்பறம், ச்சே, நம்ம சுகுணாவப் போயின்னு மிச்சத்தையும் குடிச்சேன்."

சுகுணாவுக்குக் கோபம் வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு அடுத்த கரண்டியை ஆற்றினாள். இனிமேல் கசந்தால் துப்பிவிடுங்கள், என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்றாள். அவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே ஞானமணி குழுவில் நடந்தது முழுவதையும் எழுதினாள். மண்டிக் கத்தரிக்காயையும் விடவில்லை. ஆறு குடும்பங்கள் விலகிக்கொண்டன. ஏமாற்றியவளுக்கு இது போதாது என்று ஒருவர் எழுதினார். சுகுணா எதுவும் எழுதவில்லை. விலகவும் இல்லை. சேரன் தினமும் கூப்பிட்டு, பதற்றத்தில் கேட்டுவிட்டேன் என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவள் ம் கொட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பை சின்னதாக வந்தது. தண்டுக்கீரை, ஒரு பிடி வெண்டை, பிஞ்சுச் சுரைக்காய் ஒன்று. ஞானமணி பையைக் கொடுப்பதற்கு முன் வாசல்படியில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த கத்தியால் சுரைக்காயின் காம்புப் பக்கம் ஒரு வில்லை அறுத்து வாயில் போட்டு மென்றாள். அதெல்லாம் வேண்டாம்க்கா என்று சொல்லச் சுகுணா வாயெடுத்தாள். சொல்லவில்லை. அவள் மென்று விழுங்கும்வரை நின்று பார்த்தாள். விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை பெய்தால் வெண்டை பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டே ஞானமணி எழுந்தாள். சுகுணா பையை வாங்கிக்கொண்டு பாசிப்பருப்பு வேகப்போட உள்ளே போனாள்.