ஏழு கோட் பெயின்ட்

கம்பெனி கேப் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி மேம்பாலத்தில் ஏறியதும், ஷ்ரேயாஸ் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். நான்கு வருஷமாக அதே சாலை, அதே வண்டி, அதே டிரைவர். பெட்ரோல் செலவும் கம்பெனியுடையது. ஆனாலும் முனிகிருஷ்ணன் வண்டியைச் சுற்றி ஓட்டுகிறாரா என்று பார்க்காவிட்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. காய்கறிக்காரரின் தராசு, பால் பாக்கெட்டின் தேதி, பிளம்பர் கழற்றிக் காட்டும் பழைய வாஷர் என்று எதைப் பார்த்தாலும் தன்னை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றும். இந்த ஊரில் அப்படி நினைப்பவர்கள் குறைவா என்ன? ஆட்டோவில் ஏறி உட்காருவதற்கு முன்பே நமக்கெல்லாம் கண் மீட்டருக்குத்தானே போகிறது. அதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஜெயநகரில் ஷ்ரேயாஸின் வீட்டு கார் ஷெட்டில் ஒரு பழைய ஜீப் நின்றது. வருகிற ஆயுத பூஜைக்குள் அதை ஓட வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியே தீருவது என்று கங்கணம் கட்டியிருந்தான். துருப்பிடித்த போல்ட்டுகளைக் கழற்றக் காற்றில் ஓடும் ஸ்பேனர் துப்பாக்கி வேண்டும், பெயின்ட் அடிக்க ஸ்ப்ரே கன் வேண்டும், இரண்டுக்கும் காற்றுத் தர ஒரு கம்ப்ரஸர் வேண்டும், ஓட்டை விழுந்த தரையை ஒட்ட வெல்டிங் மெஷின் வேண்டும். எதை வாங்குவது என்று ஒரு மாதமாக வீடியோ பார்த்தான். வீடியோ போடுகிறவனும் காசு வாங்கிக்கொண்டுதான் பேசுவான் என்று தோன்றவே, பார்த்த எதையும் நம்பவில்லை.

மனைவி நிருபமாவுக்கு ஒரே ஒரு கவலைதான். ஷெட்டை ஒட்டிய அறையில் உட்கார்ந்துதான் அவள் மாலை நேரத்தில் ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் நாற்காலிக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒரு சன்னமான செங்கல் சுவர் மட்டுமே இருந்தது. சத்தம் அதிகமாக இல்லாத மெஷினாக வாங்கு என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் வண்டியில் அவன் யாருடனோ போனில் இதையெல்லாம் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்ட முனிகிருஷ்ணன், கண்ணாடியில் பார்த்தபடி சொன்னார்: "என் சம்சாரம் பீன்யால ஒரு ஃபேக்டரில டேங்க் டெஸ்டிங்லதான் சார் வேலை செய்யுது. பதினாறு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை லீவுதான், கூட வந்து பாத்துச் சொல்லும்."

அல்சூரிலிருந்து தினமும் இரண்டு மெட்ரோ மாறிப் பீன்யாவுக்குப் போகிறவர் முனிகிருஷ்ணனின் மனைவி தனக்கோடி. கம்ப்ரஸர் போன்றவற்றின் டேங்குக்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்துத் தேடுவது அவர் வேலை. அப்படிப்பட்டவர் சும்மா வந்து உதவப்போகிறார் என்றால் ஷ்ரேயாஸுக்கு உடனே சந்தேகம் தட்டியது. ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு எவராவது ஓசியில் வருவார்களா? எந்தக் கடைக்குப் போகலாம் என்று நூல் விட்டுப் பார்த்தான். நீங்கள் சொல்கிற எந்தக் கடைக்கும் வருகிறோம் என்றார் முனிகிருஷ்ணன். அந்தப் பதில் அவனுடைய சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது. கமிஷனுக்கு வழியே இருக்கக்கூடாது என்று, விளம்பரத்தைப் பார்த்து அத்திபெலேயில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையைத் தானே தேர்ந்தெடுத்தான்.

கடைக்காரன் உமேஷ் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வரவேற்று, காபி வரவழைத்தான். இரண்டே வருஷம் ஓடிய சரக்கு என்று பளபளக்கும் நீல நிறக் கம்ப்ரஸரைக் காட்டினான். நூற்றைம்பது லிட்டர் டேங்க், வீட்டு கரண்டிலேயே ஓடும், இதில் எந்த பேஜாரும் இல்லை என்றான்.

முனிகிருஷ்ணனோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கிய தனக்கோடி காபியைத் தொடவில்லை. டேங்க் எத்தனை லிட்டர் என்பதை விட, நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றுத் தரும் என்று கேளுங்கள் என்றார். இல்லாவிட்டால் ஸ்பேனர் துப்பாக்கி நாலு போல்ட்டுக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுமாம். வெல்டிங் மெஷினின் ஒயரைக் கையில் தூக்கி எடை பார்த்தார். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் ஆம்பியரை இவ்வளவு மெல்லிய ஒயர் தாங்காது என்று அதை ஒதுக்கினார். அப்புறம் தரையில் உட்கார்ந்து, கம்ப்ரஸர் டேங்கின் அடிப்பக்கத்தை ஸ்கூட்டர் சாவியால் மெல்லச் சுரண்டினார்.

நீலத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே சாம்பல், அதற்குக் கீழே மறுபடி பச்சை, இன்னும் அடியில் மேலும் மூன்று அடுக்கு. ஷ்ரேயாஸ் குனிந்து பார்த்தான்.

"பூஜைக்குப் பூஜை மெஷினுக்குப் பெயின்ட் அடிக்காத ஒர்க்‌ஷாப் ஏது சார்? வருஷத்துக்கு ஒரு கோட்டு," என்றார் தனக்கோடி. "இதுல ஏழு இருக்குது. ஏழு பூஜை பாத்த டேங்கு, ரெண்டு வருஷம்னு சொல்றாங்க. தேதி போட்ட தகடு மேலயும் பெயின்ட்டு. சேஃப்டி வால்வு மேலயும் பெயின்ட்டு. அது ஒட்டிக்கிச்சுன்னா காத்து அதிகமானாலும் தொறக்காது."

அந்த நேரம் பார்த்து நிருபமா போன் செய்தாள். ஷ்ரேயாஸ் வாசலுக்குப் போனான். அவன் போனதும் உமேஷ் ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தனக்கோடியின் கையில் திணித்து, வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றான். அவர் அதைத் திருப்பி அவன் கையிலேயே வைத்தார். ஷ்ரேயாஸ் திரும்பிப் பார்த்தபோது தெரிந்ததெல்லாம் இரண்டு கைகளும் நடுவில் ஒரு நோட்டும்தான். யார் கொடுத்தார், யார் மறுத்தார் என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. பாழாய்ப்போன மனசு, அது எதிர்பார்த்ததுதான் கிடைத்துவிட்டதே!

உமேஷ் பழம் தின்று கொட்டை போட்டவன். ஷ்ரேயாஸின் முகத்தைப் படித்துவிட்டு அவனை ஓரமாகக் கூட்டிப்போனான். "தப்பா நினைக்காதீங்க சார். அந்தம்மா கமிஷன் கேட்டாங்க. முடியாதுன்னேன். அதான் காரணமே இல்லாம சும்னே குறை சொல்றாங்க," என்றான்.

ஷ்ரேயாஸுக்கு நிம்மதியாகவே இருந்தது. பார்த்தாயா, நான் நினைத்தது சரி என்ற நிம்மதி. தனக்கோடியிடம் வந்து, தேங்க்ஸ், இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவன் பார்வை போன விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முனிகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தனக்கோடி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாங்கறது உங்க இஷ்டம் சார். சுவிட்ச் போடறதுக்கு முன்னாடி அந்த சேஃப்டி வால்வுல இருக்கற வளையத்த ஒரு தடவ இழுத்துப் பாருங்க. அசையலன்னா சுவிட்ச் போடாதீங்க," என்றார். பிறகு இருவரும் ஸ்கூட்டரில் போய்விட்டார்கள்.

புதன்கிழமை கம்ப்ரஸர் வீட்டுக்கு வந்தது. அன்று மாலை, சுவருக்கு அந்தப் பக்கம் நிருபமா குழந்தைகளுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். வளையத்தின் ஞாபகம் ஷ்ரேயாஸுக்கு வந்தது. கமிஷன் கிடைக்காத கோபத்தில் பயமுறுத்தியிருக்கிறாள் என்று அதைத் தள்ளிவிட்டு சுவிட்ச் போட்டான். நீளமான குழாயை கேட் வரை இழுத்துப்போய், அங்கே கழற்றி வைத்திருந்த ஜீப் சக்கரங்களின் துருவைக் காற்றுத் துப்பாக்கியால் ஊதிக்கொண்டிருந்தான். துப்பாக்கியைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரம் ஆகியும் மோட்டார் நிற்கவில்லை. அழுத்தம் காட்டும் முள் எட்டைத் தொட்டதும் தானாக நிற்க வேண்டியது அது. உள்ளே போய்ப் பார்த்தபோது முள் பத்தைத் தாண்டி, சிவப்புக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. டேங்கிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

வெளியே ஓடி முனிகிருஷ்ணனுக்குப் போன் அடித்தான். அவர் இரண்டு வார்த்தை கேட்டதுமே போனை மனைவியிடம் கொடுத்தார்.

"கிட்ட போகாதீங்க," என்றார் தனக்கோடி. "மொதல்ல அம்மாவ தெருவுக்குக் கூட்டினு வாங்க. மீட்டர் போர்டுல மெயினை இறக்குங்க. குழா வெளியதானே இருக்குது? அங்கியே நின்னு துப்பாக்கிய அழுத்தினே இருங்க. காத்து முழுசா போற வரைக்கும் விடாதீங்க."

பாதிக் கணக்கில் எழுந்து வந்த நிருபமா வீட்டுச் செருப்போடு தெருவில் நின்றாள். மெயினை இறக்கிவிட்டு ஷ்ரேயாஸ் கேட்டுக்கு வெளியே நின்று துப்பாக்கியை அழுத்தினான். காற்று சீறியது. வால்வு கடைசி வரை திறக்கவே இல்லை. சீற்றம் அடங்கி ஓய்ந்த பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை. அந்த நாற்காலியையும் அந்தச் சுவரையும் நினைத்து நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, ஷிஃப்டுக்குப் போகும் முன் தனக்கோடியும் முனிகிருஷ்ணனும் வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகவே வந்தார்கள். பெயின்ட்டில் ஒட்டியிருந்த அடித் திருகைத் தனக்கோடி ஸ்பேனர் போட்டுத் திறந்ததும், காபி நிறத்தில் துருத்தண்ணீர் அரை வாளிக்குக் கொட்டியது. சின்னச் சுத்தியலால் டேங்கின் அடியைத் தட்டிக் காட்டினார். மேலே கணீரென்று கேட்ட சத்தம் அங்கே சொத்தென்று கேட்டது. உள்ளே தகடு தோசை கனத்துக்கு அரித்துப்போயிருக்கிறது என்றார்.

அப்போதுதான் உமேஷ் போன் செய்தான். விடியற்காலையிலேயே ஷ்ரேயாஸ் அவனுக்கு ஆத்திரத்தோடு செய்தி அனுப்பியிருந்தான். பேச்சை வளர்க்க வேண்டாம், மெஷினைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுத்தால் மொத்தப் பணமும் தருகிறேன் என்று உமேஷ் குழைந்தான். ஷ்ரேயாஸின் முகம் கொஞ்சம் தெளிந்தது. போனை வைத்துவிட்டுத் தனக்கோடியைப் பார்த்தான்.

"திருப்பி வாங்கி அவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டான்.

"இன்னொரு கோட்டு அடிப்பாங்க," என்றார் அவர். "எட்டாவது."

நிருபமா கணவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷ்ரேயாஸ் டிரில்லிங் மெஷினை எடுத்துவந்து, டேங்கின் அடியில் வைத்து அழுத்தினான். வெண்ணெயில் இறங்குவது போல முனை உள்ளே போய்விட்டது. இன்னும் இரண்டு ஓட்டை போட்டான். இனி அதை எந்தப் பெயின்ட்டும் மறைக்காது, யார் வீட்டுச் சுவரை ஒட்டியும் அது போய் நிற்காது. அவன் பணமும் அதோடு போயிற்று.

மெஷினைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அன்னிக்கு உங்க கையில நோட்டைப் பார்த்தேன். நீங்க கமிஷன் கேட்டேள்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்கோ."

முனிகிருஷ்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொள்ளச் சொல்லி அந்த ஆள் கொடுத்த காசு அது, இவள் அவன் கையிலேயே திருப்பி வைத்தாள், நாலு வருஷம் உங்கள் வண்டியை ஓட்டினேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று கொட்டித் தீர்த்தார்.

தனக்கோடி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.

"சந்தேகப்படறது தப்பில்ல சார். எனக்குச் சம்பளம் குடுக்கறதே அதுக்குத்தான்," என்றார். "ஆனா நான் டேங்கைச் சந்தேகப்படறேன். தட்டிப் பாக்கறேன், சுரண்டிப் பாக்கறேன், அப்பறம்தான் நல்லதா கெட்டதான்னு எழுதறேன். நீங்க ஆளைச் சந்தேகப்பட்டீங்க. அதுவும் அழுக்குக் கையா இருந்தா சந்தேகம், வெள்ளைச் சட்டையா இருந்தா நம்பிக்கை. யாரையும் தட்டிப் பாக்கவே இல்லியே சார்."