இறக்கத்தில் ஏறும் எண்

காலை ஐந்து நாற்பது. சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி மாட்டிவிட்டு, டெப்போ மேனேஜர் டிரைவர் சீட்டில் இருந்த அவளுடைய ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“இன்னைக்குத்தாம்மா பார்ப்பேன். கடைசி ட்ரிப் முடிஞ்சு வர்றப்ப இருபது பர்சென்ட்டுக்கு மேல இருக்கணும். இல்லேன்னா நாளைக்கு இந்த வண்டி கடைவீதி ரூட்டுக்குப் போயிடும். மலைக்குப் பழைய டீசல்தான்.”

“பேட்டரியைப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேன் சார்.”

“பாத்தாச்சு. கம்பெனிக்காரன் பிரிச்சு மேஞ்சுட்டான். வண்டியில கோளாறே இல்லையாம்.”

அப்படியென்றால் கோளாறு எங்கே என்று அவர் சொல்லவில்லை. அவள் வண்டியைக் கிளப்பினாள்.

போன வாரம் சார்ஜ் தீர்ந்து நின்ற அந்த மின்சாரப் பேருந்தை இரண்டு முறை டீசல் லாரி கட்டி இழுத்து வந்தது. காலையில் அவள் ஓட்டுவாள். மதியத்துக்கு மேல் அவள் கணவன். இருவரையும் குறை சொல்ல டெப்போவில் யாருக்கும் வாய் வராது. டீசல் மிச்சம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ‘சொட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சுவரில் ஐந்து ஷீல்டு. மலை ஓட்டுவதை அவளும் அவனைப் பார்த்தே பழகினாள். ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கக் கூடாது. இறக்கத்தில் நியூட்ரலில் உருள விடவேண்டும். நியூட்ரலில் இறங்கக் கூடாது என்று விதி உண்டு. ஷீல்டு கொடுத்தவர்கள் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

மலை உச்சியில் கடைசி நிறுத்தம் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. பழைய டீசல் வண்டியை அணைத்தால் மறுபடி கிளம்பாது. அதனால் நிற்கும் நேரமெல்லாம் உறுமிக்கொண்டு புகை விடும். அதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவள் அவள்தான். உள்ளே மகளுக்கு மூச்சு இழுக்கும். மின்சார வண்டி வந்த பிறகு அந்த ஜன்னல் திறந்தே இருந்தது.

முதல் இறக்கம். மூன்றாவது வளைவில் ஒரு பால் வேன் நடுரோட்டில் ஏறி வந்தது. நியூட்ரல் பட்டனுக்குப் போன கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. வேன் உரசாமல் போயிற்று. அவள் எந்த மிதியிலும் கால் வைக்கவில்லை. பின்னால் யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி தானாக வேகம் குறைந்தது.

“அண்ணி, மீட்டர் பின்னாடி ஓடுது,” என்றான் கண்டக்டர். அவள் கணவனின் தம்பி. வாய் சும்மா இருக்காது.

“என்னது?”

“சார்ஜ் எழுபத்தெட்டு இருந்துச்சு. இப்ப எழுபத்தொன்பது. யாராச்சும் உண்டியல்னு நெனச்சுக் காசு போட்டாங்களா?”

திரையில் ஒரு பச்சை அம்பு. அடுத்த சரிவில் நியூட்ரலை அழுத்திப் பார்த்தாள். அம்பு மறைந்தது. எடுத்தாள். அம்பு வந்தது.

மின்சார வண்டிக்கான பயிற்சி வகுப்பு நினைவுக்கு வந்தது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியைப் பிடிக்கும், அப்போது கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் என்று சொல்லித்தான் இருந்தார்கள். பின் பெஞ்சில் கணவன் அவள் காதருகே, “மலை இறங்க நமக்கே க்ளாஸா?” என்றான். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தெரிந்துகொண்டது போதவில்லை. இரண்டாவது இறக்கத்தில் கை தானாகப் பட்டனுக்குப் போனது.

“அண்ணி, கை!”

அடுத்த வளைவில் மறுபடியும்.

“அண்ணி, கை! மிட்டாய் டப்பாவுக்குப் போற மாதிரியே போகுது பாருங்க.”

“நீ டிக்கெட்டைக் கிழி.”

அடிவாரத்தில் நிறுத்திச் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். மகளின் பழைய டப்பா. மூடியில் முயல் படம். சோற்றை அவசரமாகத் தின்றாள். மூடியைத் துடைத்து, பட்டன் மேல் கவிழ்த்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டினாள். நிறுத்தங்களில் நியூட்ரல் தேவையில்லை, ஹேண்ட் பிரேக் போதும்.

“மத்தியானம் அண்ணன் பாத்தா?” என்றான் கண்டக்டர்.

“பாக்கட்டும்.”

மதியம் உச்சியில் வண்டி கைமாறும். வழக்கமாக அப்போது ஐம்பதுக்குக் கீழே இருக்கும். இன்று அறுபத்து மூன்று. கணவன் ஏறி வந்து திரையைப் பார்த்தான்.

“எங்கயாச்சும் ப்ளக்கைச் சொருகினியா?”

“இறக்கத்துல நியூட்ரல் போடல. நீங்களும் போடாதீங்க.”

“யாருகிட்ட சொல்ற?”

“உங்ககிட்டதான்.”

“ஓடுற வண்டியைக் கட்டி வெச்சு இறக்கச் சொல்ற. அஞ்சு ஷீல்டையும் சும்மாவா குடுத்தாங்க?”

“அது டீசலுக்குக் குடுத்தது.”

அவன் சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். அவள் இறங்கவில்லை. முதல் சீட்டில் உட்கார்ந்து கண்டக்டரிடம் காசை நீட்டினாள்.

“ஸ்டாஃபுக்கு எதுக்கு அண்ணி டிக்கெட்?”

“என் ட்யூட்டி முடிஞ்சுது. பயணின்னா டிரைவரைக் கேள்வி கேக்கலாம்ல.”

“எதுவரைக்கும் குடுக்கட்டும்?”

“கடைசி ட்ரிப் வரைக்கும்.”

“பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா?” என்றான் கணவன், கண்ணாடியில் பார்த்து.

“சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. நீங்க ரோட்டைப் பாருங்க.”

வண்டி கிளம்பியது. முதல் வளைவுக்கு முன்னால் சரிவு தொடங்கியது. அவனுடைய இடது கை ஸ்டீயரிங்கை விட்டது. பட்டன் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தட்டுப்பட்டது. நகம் டேப்பின் ஓரத்தைத் தேடியது. கண்டக்டர் சில்லறை எண்ணுவதை நிறுத்தினான்.

விரல்கள் மூடியைத் தடவின. அவன் ஒருமுறை குனிந்து பார்த்தான்.

பிறகு கை ஸ்டீயரிங்குக்குத் திரும்பியது. காலை எடுத்தான். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. பச்சை அம்பு வந்தது. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு ஆயிற்று.

அவன் திரும்பவில்லை.

“இது பாப்பா டப்பா மூடிதானே?”