தாயம்மாவின் காலடி மண்

காலடி மண், உப்பு, மிளகாய் மூன்றையும் என் மகள் அகல்யாவுக்குச் சுற்றி, கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டார் நாத்தனார் சொர்ணம். நெடியே வரவில்லை.

"பாத்தியா? கண்ணுதான்!"

யார் கண்? எதிர்வீட்டுத் தாயம்மா அக்காவுடையதாம். பிள்ளை இல்லாதவளாம். அடப் பாவமே, நான்கு வருஷமாக என் மகளைத் தூக்கிச் சுமந்தவள் அவள்தான். தன் வாசலில் சொர்ணம் காலடி மண் அள்ளியதை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் கேட்டைத் தாண்டவில்லை. சொர்ணத்தை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை நிமோனியாவில் கிடக்கும்போது சண்டை போடத் தெம்பு ஏது?

மிளகாய் ஒன்றும் வேலை செய்யவில்லை. மருந்தில் தேறிய கொஞ்ச நாளிலேயே மறுபடியும் நிமோனியா வந்தது. பிள்ளை பிழைக்குமா என்று பயந்துபோய், எங்கள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"ஆன்டிபாடி டெஸ்ட் பண்ணலாம்" என்றார் டாக்டர் எழிலரசி.

"போன தடவை ரத்தம் பாத்து நார்மல்னாங்களே?" என்றேன்.

"அது ரத்த அணுக்களை எண்ணறது. இது, கிருமியை எதிர்க்கிற சக்தி ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பாக்கறது."

அகல்யாவின் வயதுக்கு இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தார்கள், அதேதான். மாதாமாதம் ஆன்டிபாடி ஏற்ற வேண்டும், ஏற்றினால் மற்றப் பிள்ளைகள்போல வளர்வாள் என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அது எங்கேர்ந்தும்மா வருது?" என்றார் சொர்ணம்.

"ஆயிரக்கணக்கான பேர் ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுக்கறதும்மா. யார் யாரோ குடுத்தது."

வீடு வரும்வரை ஆட்டோவில், "யார் யாரோ குடுத்ததா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வந்தார் சொர்ணம்.

ஆட்டோவைப் பார்த்ததும் தாயம்மா அக்கா தன் வாசலிலிருந்தே கேட்டாள்: "இன்னா சொன்னாங்க யுவராணி?"

கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைவு, யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்து ஏற்றுவார்கள் என்று தெருவே கேட்கும்படி சொன்னேன், முக்கியமாகச் சொர்ணத்துக்கு. அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என் ரத்தத்தையும் அதுல சேத்துக்குவாங்களா? இல்ல, என்னுது ஆவாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டைத் திறந்தது சொர்ணம்தான்.

"உள்ள வா தாயம்மா. கொயந்த உன்னத்தான் கேட்டுகினே கீது."

அக்கா வந்தாள். வாசற்படியில் நின்று, ஒரு துளி மண் ஒட்டாமல் இரண்டு காலையும் மிதியடியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் உள்ளே கால் வைத்தாள்.