செவ்வாயும் வெள்ளியும் மூக்குக்காரர்

கண்ணாடிக்கடைக்காரர் மூன்று மாதமாகத் தன் மச்சானுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தார். பெரிய வார்த்தைதான். ஆனால் மனதுக்குள் அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின் கிர்ரென்று கத்தும்போது, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாடகியைக் கேட்பார். புதுப் பெண், கொஞ்சம் கரகரத்த குரல். கண் பரிசோதிக்க வந்த யாரோ ஒருவருடைய போன் அடித்தபோது அந்தக் குரல் நாலு விநாடி கேட்டது. மனுஷர் அன்றைக்கே விழுந்துவிட்டார்.

பாட்டுக் கேட்பதில் என்ன துரோகம் என்று கேட்கலாம். ஒப்பந்தம் ஒன்று இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், இவரும் மனைவியின் அண்ணனும் ஒரு பேருந்து நிலையத்தில் ஆறு மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். பேருந்து வருகிற வழியைக் காணோம். புது மாப்பிள்ளையும் மச்சானும் அவ்வளவு நேரம் என்னத்தைப் பேசுவது? ஆயுசு முழுக்க ஐந்தே ஐந்து பாடகர்களைத்தான் கேட்கலாம் என்றால் யார் யார் என்று ஆரம்பித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கம் ஐந்து பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ஆறாவது ஆள் கிடையாது. புதிதாக ஒருவர் வரவேண்டுமென்றால் பழையவர் ஒருவர் போகவேண்டும். போகிறவரை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் பெயரை அடிக்கவேண்டும்.

ஐவரில் நால்வர் இருவருக்கும் பிடித்தவர்கள். ஐந்தாமவர் மச்சான் ஒற்றைக்காலில் நின்று சேர்த்தவர். மூக்கால் பாடுவார். அந்தக் குரலைக் கேட்டாலே கண்ணாடிக்கடைக்காரருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கும். ஆனாலும் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே! செவ்வாயும் வெள்ளியும் மச்சான் பங்கு என்று ஒதுக்கி, கடையில் மூக்குக்காரரை ஓடவிட்டார். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தாலும் நிறுத்தவில்லை.

போன வாரம் மனைவி கேட்டே விட்டாள். "மெஷினுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு யாரைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?"

"லென்ஸைப் பார்த்து" என்றார். சொன்ன வாய் அவருக்கே கசந்தது. இனித் திருட்டுத்தனம் ஆகாது, மச்சானிடம் போய்ச் சொல்லி, மூக்குக்காரரை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணைச் சேர்க்கச் சம்மதம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். மச்சான் ரோஷக்காரர். தன் ஆளையே தூக்கச் சொன்னால் பேச்சுவார்த்தை நின்றாலும் நிற்கும்.

மச்சான் லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்கு ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார். லிஃப்டைப் பிரித்துப் போட்டிருந்ததால் இவர் படியேறித்தான் போகவேண்டியிருந்தது. வியர்த்து விறுவிறுத்து, வாசலைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மச்சான் ஸ்பானரைக் கீழே வைத்தார். "எந்த லிஸ்ட் மாப்ள?"

இவர் அட்டையை நீட்டினார். மச்சான் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கிட்டத்தில் பிடித்து, எட்டத்தில் பிடித்துப் படித்தார். கண்ணாடிக்கடைக்காரரின் மச்சானுக்குக் கண்ணாடி கிடையாது.

"அட, நம்ம கையெழுத்து! இது யாரு அஞ்சாவது? மூக்கால பாடுவாரே, அவரா?"

"நீங்கதானே அடம்பிடிச்சுச் சேர்த்தீங்க!"

"அப்போ ஏதோ பிடிச்சிருக்கும். அவரைக் கேட்டே இருபது வருஷம் இருக்கும் மாப்ள. இப்பல்லாம் எது ஓடுதோ அதைக் கேக்குறதுதான்."

ஏறிவந்த ஏழு மாடியும் அப்போதுதான் முழங்காலில் வலித்தது. கோபமாக வந்தது. அழுகையும் வந்தது.

"வாரத்துக்கு ரெண்டு நாள் மச்சான். இருபத்தாறு வருஷம். உங்களுக்காகக் கேட்டேன்."

"பிடிக்காமலேயா?"

"பிடிக்காமத்தான்."

மச்சான் சிரிக்க வாயைத் திறந்தார். இவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் அட்டையையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என் தங்கச்சியை நல்ல இடத்துலதான் குடுத்திருக்கோம்" என்றார் மெல்ல. பிறகு, "சரி, தூக்கிருவோம் அவரை. பேனா இருக்கா?"

"எல்லாம் முறைப்படி நடக்கணும். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தடவை கேக்கணும்" என்று விறைப்பாகச் சொன்னார் கண்ணாடிக்கடைக்காரர். "செவ்வாய்க்கிழமை கடைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை மச்சான் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் சாய்ந்து, அட்டையை மடியில் வைத்து, பேனாவையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் பாட்டைப் போட்டுவிட்டு ஒரு ஃபிரேமைத் துடைக்க உட்கார்ந்தார். மூக்குக்காரர் ஆரம்பித்தார்.

பல்லவி முடிவதற்குள் மச்சான் நெளிய ஆரம்பித்துவிட்டார். "என்ன மாப்ள இது, ஜலதோஷம் பிடிச்ச மாதிரி பாடுறாரு. இந்த ஆளை எப்படித் தாங்குனீங்க?" பேனா மூடியைக் கழற்றி, ஐந்தாவது வரியில் முனையை வைத்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுந்துவந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்.

"சும்மா இருங்க மச்சான். ரெண்டாவது சரணத்துல குரல் கொஞ்சம் இறங்கும் பாருங்க, அங்கதான் இருக்கு மனுஷனோட அருமை. அதைக் கேட்டுட்டுப் பேசுங்க."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. துடைத்த ஃபிரேமை மறுபடியும் எடுத்துத் துடைத்தார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணம் வந்தது, குரல் இறங்கியது, சரணமும் முடிந்தது.

"அப்போ அந்தப் புதுப் பொண்ணு?" என்றார் மச்சான்.

"அவ பின்னறையிலேயே பாடட்டும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கடைக்காரர் அட்டையைப் பழையபடி லென்ஸ் பெட்டிக்குள் வைத்தார். "வெள்ளிக்கிழமையும் வாங்க."