வழக்கொழிந்தது

“ஏம்மா, நம்ம மேல யாராவது வழக்குப் போட்டிருக்காங்களா?”

டயாலிசிஸ் மையத்தின் வரவேற்பு மேசை அக்கா இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மையத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். என் மாமா, அம்மாவின் தம்பி, வாரம் மூன்று மத்தியானம் அங்கே மெஷினோடு படுத்திருப்பார். நான் துணைக்கு வந்து, அவர் கட்டிலருகே லேப்டாப்பை விரித்து வேலை பார்ப்பேன்.

அக்கா தன் திரையைத் திருப்பிக் காட்டினார். முந்தைய நாள்தான் தளத்தின் மென்பொருளைப் புதுப்பித்திருந்தேன். இப்போது பக்கத்தின் உச்சியில் மஞ்சள் மஞ்சளாய் எச்சரிக்கைகள். ஒவ்வொன்றிலும் ‘வழக்கொழிந்தது’ என்ற சொல்.

“வழக்கு ஒழிஞ்சா நல்லதுதானேக்கா?” என்று சிரித்தேன். “இது அந்த வழக்கு இல்ல. வெப்சைட்ல கூடுதலா சேர்த்திருக்கிற ப்ளக்கின்ல சில வரி பழைய முறையில இருக்கு, சீக்கிரம் மாத்துன்னு சொல்லுது. இப்போதைக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஆகாம இருந்தா சரி. இந்த வாரம் தண்ணி சுத்தம் பண்ற மெஷினை மாத்துறாங்க. எந்த நாள்னு மாத்த வர்ற ஆள் முந்தின நாள்தான் சொல்வாராம். அன்னைக்கு மத்தியானம் வர்றவங்க எல்லாரும் காலையிலேயே வந்தாகணும். உன் வெப்சைட்லேருந்துதான் மெசேஜ் போகணும்.”

ஒரு முறை தவறினால் போதும், மாமாவுக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். மற்றவர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் அந்த மெசேஜை நம்பித்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்.

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எச்சரிக்கைகளை மறைக்க ஒரே ஒரு வரி போதும். எங்கள் தொழிலில் எல்லோரும் கூச்சமில்லாமல் செய்கிற காரியம். அந்த வாய்ப்பூட்டைப் போட்டேன். பக்கம் பளிச்சென்று ஆனது.

சற்று நேரத்தில் மாமாவின் மெஷின் அலறியது. சிஸ்டர் வந்து பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினார். அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்து மாமாவின் கையை மெல்லத் தூக்கினார். அடியில் குழாய் மடங்கிக் கிடந்தது.

“கைய அசைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“மூக்கு அரிச்சுது சிஸ்டர். அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?” என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. நானும் சத்தத்தைத்தான் நிறுத்தியிருந்தேன். குழாயைப் பார்க்கவே இல்லை.

பூட்டைக் கழற்றிவிட்டு எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். மெசேஜ் அனுப்பும் ப்ளக்கினில் இருந்த ஒன்று மட்டும் அப்படியில்லை. அது கூப்பிடும் பழைய கட்டளை புதிய மென்பொருளில் பெயருக்குத்தான் இருந்தது, எந்த வேலையும் செய்யவில்லை. திரை ‘அனுப்பப்பட்டது’ என்று சொல்லும், ஒருவருக்கும் போயிருக்காது.

அந்த வரிகளைத் திருத்தி எழுதினேன். மாமாவுக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கலாம் என்று ‘சோதனை’ என்று தட்டி அனுப்பினேன்.

மாமாவின் போன் ஒலித்தது. அடுத்த கட்டிலில் ஒன்று. எதிரே இன்னொன்று. அவசரத்தில் எல்லோருக்கும் அனுப்பித் தொலைத்திருந்தேன்.

“எனக்கு என்ன சோதனை? ரத்தமா?” என்று பதறினார் எதிர்க்கட்டில்காரர்.

“இருக்கற சோதனை பத்தாதா, இது வேறயா?” என்றார் மாமா.

வரவேற்பு மேசையில் போன் ஓயாமல் அடித்தது. வீட்டிலிருந்தவர்களெல்லாம் தங்களுக்கு என்ன சோதனை என்று கேட்டார்கள். பதில் சொல்லி மாளாத அக்கா என்னைப் பார்வையாலேயே எரித்தார். எனக்கோ ஒவ்வொரு மணியும் காதில் தேனாய்ப் பாய்ந்தது. மெசேஜ் போகிறது!

மறுநாள் மாலை மெஷின் மாற்றும் ஆள் தகவல் சொன்னார், உண்மையான மெசேஜ் போனது. அடுத்த நாள் காலை மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தூக்கக் கலக்கமும் கொட்டாவியுமாக மத்தியானக் கூட்டம் மொத்தமும் வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே சிஸ்டரிடம் போனேன்.

“ரொம்ப நன்றி சிஸ்டர்.”

“எதுக்கு?”

“அன்னைக்கு மாமா கையத் தூக்கிப் பாத்தீங்களே, அதுக்கு.”

“அதுக்கெல்லாமா நன்றி சொல்வாங்க?” என்று சிரித்தபடி, குழாயும் கையுமாக அடுத்தவரிடம் போனார். அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டில்கூடக் காலியாக இல்லை.