போன மாதத்துக்கு ஒரு பஸ்

எழுந்தேன். பல் தீட்டினேன். இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினேன். ஒன்றைக் குடித்தேன். மற்றதைத் தொட்டிக்குள் ஊற்றினேன். அலுமாரிக்குள் இருந்த கோசலாவின் செருப்பை எடுத்துப் பையில் வைத்தேன். குறிகட்டுவான் துறைக்குப் போய் நெடுந்தீவுக்குப் படகேறினேன்.

நெடுந்தீவில் காலம் கிழக்கிலிருந்து மேற்காகக் கிடக்கிறது. இறங்குதுறையில் அரசர் காலம். பிறகு போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர். மேற்குக் கரையில் போன மாதம். அதுவரைக்கும் ஒரு பஸ் ஓடுகிறது.

போன மாதத்தில் என் மனைவி கோசலா உயிரோடு இருக்கிறாள். அவள் வெறுங்காலோடு போனவள். செருப்பைக் கொடுக்க வேண்டும்.

“எங்க?” என்றார் கண்டக்டர் கனகலிங்கம்.

“போன மாதம்.”

“ஆர் இருக்கினம்?”

“மனிசி.”

“அப்ப முன்னுக்கு இருங்கோ. பின் சீற்றெல்லாம் ஒல்லாந்தரோட நிண்டிடும்.”

ஓர் அரசர் ஏறினார். கோட்டை கட்ட இடம் பார்ப்பதாகச் சொன்னார்.

“உங்கட கோட்டை கட்டி இடிஞ்சும் போச்சு, ஐயா. அதுக்கு மேலதான் பஸ் நிக்குது.”

அரசர் யன்னலால் எட்டிப் பார்த்தார். “நல்லாத்தான் கட்டியிருக்கிறன்,” என்றார். இறங்கிக்கொண்டார்.

போர்த்துக்கேயர் காலத்தில் குதிரைகள் தெருவை மறித்தன. ஒன்று யன்னலுக்குள் தலையை நீட்டிப் பையை மணந்து பார்த்தது.

“தோல் இல்லை. றப்பர்,” என்றேன்.

வழி விட்டது.

அடுத்தது ஒல்லாந்தரின் புறாக்கூடு. பொந்துக்கு ஒருவராக அதிகாரிகள் குந்தியிருந்தார்கள். கீழே மேசைகளில் புறாக்கள் வேலை செய்தன. ஒரு புறா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

“துக்கம் விசாரிக்குது,” என்றார் கனகலிங்கம். “நீங்களும் ஆட்டுங்கோ. இல்லாட்டி வீட்டுக்கு வந்திடும்.”

ஆட்டினேன்.

ஆங்கிலேயர் காலம் மத்தியான நித்திரையில் இருந்தது. சத்தமில்லாமல் கடந்தோம்.

பஸ் நின்றது. முன்னால் பவளக்கல் மதில். இந்தத் தீவில் வேலிக்குப் பதில் எங்கும் அதுதான். மதிலில் ஆள் நுழையும் அளவு ஓர் இடைவெளி. பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண். காவலுக்கு இருப்பவர். கனகலிங்கம் அவரைப் பிலோமினாக்கா என்று கூப்பிட்டார்.

இடைவெளிக்கு அப்பால் எங்கள் வீட்டு வாசல் தெரிந்தது. அம்புலன்ஸ் நின்றது. கட்டிலில் கோசலாவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய பாதங்கள் தெரிந்தன.

“அவ கடைசியாச் சொன்னதைச் சொல்லுங்கோ. சரியெண்டால் போகலாம்,” என்றார் பிலோமினாக்கா.

செத்தவீட்டில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். கேட்பது வழக்கம். நல்லதாக ஏதாவது சொல்வதும் வழக்கம். மாமிக்கு, அம்மாவைப் பார்க்கச் சொன்னாள் என்றேன். பெரியப்பாவுக்கு, முருகா என்றாள் என்றேன். அவர்கள் அழுதார்கள். பிறகு தேநீர் குடித்தார்கள்.

“என்னை நல்லா இருக்கச் சொன்னவ,” என்றேன்.

இடைவெளியில் ஒரு கல் வந்து உட்கார்ந்தது.

“அம்மாவைப் பாக்கச் சொன்னவ.”

இன்னொரு கல். இப்போது பக்கவாட்டில்தான் நுழையலாம்.

“முருகா எண்டவ.”

இப்போது கைதான் போகும்.

“தம்பி, இந்தத் தீவு மதில் முழுக்க உந்தக் கதையளாலதான் கட்டினது,” என்றார் பிலோமினாக்கா. “வெள்ளைக்காரன் வர முந்தியே தொடங்கிட்டுது. எங்களுக்குக் கல்லுக்குக் குறைவில்லை. உண்மையா என்ன சொன்னவ?”

“அது பெரிசா ஒண்டுமில்லை.”

“பெரிசா ஒண்டும் நான் கேக்கேல்லை.”

அங்கே அம்புலன்ஸ் கதவை இழுத்தார்கள். கோசலா தலையைத் தூக்கினாள். நான் பையிலிருந்து செருப்பை எடுத்தேன். சொன்னேன்.

“இஞ்சருங்கோ, என்ர செருப்பை உள்ளுக்கு எடுத்து வையுங்கோ. நாய் கொண்டு போயிடும்.”