திருத்தாமல் இருந்த அரை நாள்

திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையின் போன் பிரிவில் கோதாவுக்கும் ரூபாவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நோயாளிகள் சொல்வதை முன்பு அவர்கள் கேட்டு எழுதினார்கள். இப்போது ஏஐ எழுதுகிறது. அது வேலை செய்யும் விதம் அழகானது. பேச்சிலிருந்து முதலில் இரைச்சலைக் கழிக்கும். மிச்சத்தை எழுத்தாக்கி, இரண்டு வரியாகச் சுருக்கி, அவசரமா இல்லையா என்று பிரித்து வைக்கும். இவர்கள் படித்துவிட்டு ‘சரி’ பொத்தானை அழுத்தினால் வார்டுக்குப் போய்விடும்.

ஆனால் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பேச்சு அதற்குப் பிடிபடவில்லை. சாப்பிடவில்லை என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘துன்னல’வை ஒரு நாள் சரியாக எழுதும், மறுநாள் ‘துணி இல்லை’ என்று எழுதும். அதனால் இருவரும் பதிவை மறுபடி போட்டுக் கேட்டு, அழித்து எழுதி, அதன் பிறகே அழுத்துவார்கள். சாப்பாடுகூட மேசையிலேயே. அழுத்தியதும் அவர்கள் திருத்திய வரி ஏஐ எழுதிய வரியாகவே பதிவாகும். பழைய வரி எங்கும் தங்காது.

“எல்லாம் கரெக்டா எழுதுதே, ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்கம்மா,” என்றார் மேலாளர் கிரண்குமார். கோதாவின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. “நாளைக்கு ரிப்போர்ட் பாத்துட்டு சொல்வாங்க.”

அவர் போனதும் கோதா ரூபாவின் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு ஒண்ணையும் திருத்தாதே. வார்டுலேர்ந்து கத்தட்டும். அப்பதான் இவாளுக்குப் புரியும்.”

“யாருக்காவது எதுனா ஆயிட்டா அக்கா?”

“மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேக்கறவாதானேடி போன் பண்றா.”

மறுநாள் காலை அப்படியே ஓடியது. ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். “ஏம்மா, ‘முட்டை வலிக்கிறது’ன்னு வந்துகீது. கோழியா போன் பண்ணுச்சு?” முட்டி வலிதான் முட்டையாகியிருந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மதியம் ராமகுப்பத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். திரையில் ‘அழைத்தவரின் தந்தை சரியாகச் சாப்பிடவில்லை. அவசரமில்லை. நாளை பேசலாம்’ என்று வந்தது. ரூபா பழக்கத்தில் பதிவைப் போட்டுவிட்டாள்.

“நைனா நேத்துலேர்ந்து ஒண்ணும் துன்னல மேடம். கண்ண மூடிக்கினே கீறான்.”

அந்தப் பக்கத்தில் அப்பாவும் நைனாதான், தாய் கொஞ்சிக் கூப்பிடும் மகனும் நைனாதான். ஆனால் அப்பா என்றால் ‘இருக்கிறார்’ என்பதற்கு ‘கீறார்’ என்பார்கள், ‘கீறான்’ என்று யாரும் சொல்வதில்லை. ரூபா மறுபடி கேட்டாள். பேச்சுக்குப் பின்னால் ஒரு சின்னக் குழந்தையின் முனகல். ஏஐ அதை இரைச்சலென்று கழித்திருந்தது.

கோதாவின் பக்கம் பார்க்காமல் அழித்து எழுதினாள். ‘நோயாளி குழந்தை. மயங்கிக் கிடக்கிறான். அவசரம்.’ அழுத்தினாள். அடுத்த அழைப்பையும் கேட்காமல் விட மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், கோதாவும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையோ அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கிரண்குமார் வந்தார். “வார்டுலேர்ந்து புகார் வந்தது அந்த முட்டை ஒண்ணுதான். குழந்தை கேசை மிஷினே அவசரம்னு பிடிச்சிருக்கு. மேல ரொம்ப சந்தோஷம்.”

“அது நான் கேட்டு எழுதினது சார்.”

“நீ எழுதினது எங்கம்மா இருக்கு, காட்டு?”

காட்ட எதுவும் இல்லை.

கோதா டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். “கொழந்தைக்கு இப்போ எப்படி இருக்காம்?”

“தெரியல அக்கா. அது நம்ம ஸ்கிரீனுக்கு வராது.”

கோதாவின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. திங்கட்கிழமை முதல் இருவரின் அழைப்புகளும் ரூபாவுக்கே வந்தன. முடிந்தவரை மறுபடி போட்டுக் கேட்டாள். மற்றவற்றைக் கேட்காமலே அழுத்தினாள்.